நீதிபதி ரெட்மண்ட் பாரியும் ஜூரியின் கேள்வியும்: மெல்போர்ன், 1839–1880

1880 அக்டோபர் 29ஆம் நாள், விக்டோரியா குடியேற்றத்தின் தலைநகரான மெல்போர்னில், ரஸ்ஸல் தெருவும் லா ட்ரோப் தெருவும் கூடும் மூலையில் இருந்த நீதிமன்றத்தில், அறுபத்தேழு வயது நீதிபதி ஒருவர் இருபத்தைந்து வயதுக் கைதிக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். கைதி, காவலர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரும், நெட் கெல்லி என்று இன்றும் ஆஸ்திரேலியா முழுவதும் அறியப்படும் எட்வர்ட் கெல்லி. நீதிபதி, சர் ரெட்மண்ட் பாரி. மக்கள் நினைவில் பாரி பெரும்பாலும் இந்த ஒரு நாளின் மனிதராகவே தங்கிவிட்டார். ஆனால் அந்த நாளுக்குப் பின்னால் நாற்பத்தொரு ஆண்டுகாலப் பணிவாழ்வு இருக்கிறது. அதன் தொடக்கத்தில், இதே ஊரின் நீதிமன்றத்தில், இந்த மண்ணின் பூர்வகுடி மனிதர் ஒருவருக்காக வாதாட எழுந்து, அவரை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் இதே பாரிதான். ஒரு வழக்கில் எந்தக் கேள்வியை யார் தீர்மானிக்க வேண்டும் என்பதை இளமையில் இவ்வளவு கூர்மையாக உணர்ந்திருந்த ஒருவர், முதுமையில் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பன்னிரு குடிமக்கள், தீர்மானித்திருக்க வேண்டிய கேள்விக்குத் தாமே விடை சொல்லும் நிலைக்கு எப்படி வந்தார் என்பதை ஆராய்வதே இந்த எழுத்தின் நோக்கம்.

பாரி 1813 ஜூன் 7 அன்று அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பாலிக்ளோ என்னும் ஊரில், ஒரு படைத்தளபதியின் மகனாகப் பிறந்தார். நிலமும் படைப்பதவியும் கொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் குடும்பம் அது. படைவாழ்வுக்கென இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார். படித்து முடித்தபோது அதிகாரிப் பதவி கிடைக்கவில்லை. அதன்பின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பட்டம் பெற்று, 1838இல் அயர்லாந்து வழக்கறிஞர் அவையில் சேர்ந்தார். அங்கே வழக்குகளைவிட வழக்கறிஞர்கள் அதிகமாக இருந்தனர். அந்த ஆண்டே தந்தையும் இறந்துவிட, மறு ஆண்டு கப்பலேறினார். கடற்பயணத்தில் மணமான பெண் ஒருவருடன் ஏற்பட்ட உறவு சிட்னிச் சமூகத்தின் காதுக்கு எட்டிவிட்டதால், அங்கே அவருக்குக் கதவுகள் திறக்கவில்லை. 1839 நவம்பரில் மெல்போர்ன் வந்து சேர்ந்தார். குடியேறிகள் அந்த ஊரை அமைத்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். 1840களின் நடுவில் லூயிசா பாரோ என்ற பெண்ணைச் சந்தித்தார்; அவர் வேறொருவரின் மனைவி. இருவரும் மணந்துகொள்ளவில்லை, ஒரே கூரையின் கீழ் வாழவும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளும் பாரி என்ற பெயரையே தாங்கினர். அவர்களைத் தம் பிள்ளைகள் என்று சொல்ல அவர் ஒருபோதும் கூசியதில்லை. விக்டோரியா காலத்தின் நீதிபதி ஒருவர் இதைச் செய்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது அவரைப் புரிந்துகொள்ள உதவும். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சித் தம் முடிவை மாற்றிக்கொள்ளும் இயல்பு அவரிடம் இல்லை.

1841: இரண்டு வழக்குகள்

1841இல் மெல்போர்ன் இன்னும் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் ஒரு மாவட்டமாகவே இருந்தது. அங்கே அமர்ந்து வழக்குகளை விசாரிக்கச் சிட்னி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் வால்போல் வில்லிஸ் அனுப்பப்பட்டார். அவர் முன்னிலையில், குற்றம் சாட்டப்பட்ட பூர்வகுடி மக்களுக்காக வாதாடும் பொறுப்பு இளம் பாரிஸ்டரான பாரியிடம் வந்தது.

முதல் வழக்கு போன்ஜோனுடையது. போன்ஜோன், கீலாங் பகுதியில் வாழ்ந்த வாதவுருங் மக்களைச் சேர்ந்தவர். பக்கத்து மக்களினத்தைச் சேர்ந்த யாமோவிங் என்பவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதாக அவர்மீது குற்றச்சாட்டு. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பூர்வகுடிகள். வெள்ளையர் எவருக்கும் அதில் பங்கு இல்லை. 1841 செப்டம்பர் 16 அன்று பாரி எழுந்து, சாட்சியத்தைத் தொடுவதற்கு முன்பே, இந்த நீதிமன்றத்துக்கு இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று வாதிட்டார். பிரிட்டிஷ் அரசி இந்த நிலத்தின்மீது இறையாண்மை கொண்டாடலாம். அதனாலேயே, தமக்கென வழக்கங்களும் தண்டனை முறைகளும் வைத்திருக்கும் ஒரு மக்கள், தமக்குள் நடந்த ஒரு செயலுக்காக ஆங்கிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகிவிட மாட்டார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர்கள் போரில் வெல்லப்பட்டவர்களும் அல்லர். உடன்படிக்கை செய்து அடங்கியவர்களும் அல்லர். அப்படியிருக்க, எந்தச் செயலால் அவர்கள் இந்தக் கூண்டுக்குள் நிற்கக் கடமைப்பட்டார்கள்?

இந்தக் கேள்வி அன்று எவ்வளவு துணிவானது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1836இலேயே சிட்னி உச்ச நீதிமன்றம், மர்ரெல் வழக்கில், பூர்வகுடிகள் தமக்குள் செய்துகொண்ட குற்றங்களும் ஆங்கிலச் சட்டத்தின்கீழ் வரும் என்று தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு இருக்கத்தான் பாரி வாதிட்டார். நீதிபதி வில்லிஸும் அதற்குத் தாம் கட்டுப்பட வேண்டியதில்லை என்று சொல்லி, பாரியின் வாதத்தை மிகுந்த கவனத்துடன் எடுத்துக்கொண்டு, அதிகாரம் குறித்துத் தமக்குள்ள ஐயத்தை நீண்ட உரையாகப் பதிவு செய்தார். முடிவான தீர்ப்பு வரவில்லை. அரசுத் தரப்பு வழக்கைத் தொடரவில்லை, போன்ஜோன் விடுவிக்கப்பட்டார். சிட்னியின் தலைமை நீதிபதியும் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் கிப்ஸும் மர்ரெல் தீர்ப்பே சட்டம் என்று உறுதியாக நின்றனர். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கொள்கையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கில் கைவிட்ட பிறகு, போன்ஜோன் வழக்கின் பதிவுகளைச் சட்ட வரலாற்றாளர்கள் புதிய ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கினர். அப்பதிவுகளில் இருபத்தெட்டு வயது பாரியின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

அடுத்த வழக்கு மூன்றே மாதங்களில் வந்தது. அதன் முடிவு வேறு. டாஸ்மேனியப் பூர்வகுடிகளான டன்னர்மின்னர்வெய்ட், மால்பாய்ஹீனர் என்னும் இரு ஆண்களும், ட்ருகனினி உள்ளிட்ட மூன்று பெண்களும், வெஸ்டர்ன் போர்ட் பகுதியில் திமிங்கில வேட்டைத் தொழிலாளர் இருவரைக் கொன்றதாக 1841 டிசம்பர் 20 அன்று வில்லிஸ் முன் நிறுத்தப்பட்டனர். பாரி முதலில் ஜூரியைப் பற்றியே பேசினார். பிரிட்டிஷ் குடிகளல்லாதோர் பாதிப்பேராவது அமரும் ஜூரி வேண்டும் என்று, அயல்நாட்டாருக்கு ஆங்கிலச் சட்டம் நெடுங்காலமாக வழங்கி வந்த உரிமையைக் காட்டிக் கேட்டார். நீதிபதி மறுத்தார். கிறித்தவச் சத்தியப் பிரமாணம் செய்ய இயலாதவர்கள் என்ற காரணத்தால் பூர்வகுடிகளின் சாட்சியம் அன்று நீதிமன்றங்களில் ஏற்கப்படுவதில்லை. ஆகவே நடந்ததைத் தம் வாயால் சொல்லக்கூடியவர்கள் யாரும் கூண்டேற முடியவில்லை. பெண்கள் விடுதலையாயினர், ஆண்கள் இருவரும் குற்றவாளிகள் என்றது ஜூரி, கருணை காட்டும்படி பரிந்துரையும் செய்தது. அந்தப் பரிந்துரை பயன்படவில்லை. 1842 ஜனவரி 20 அன்று, ஆயிரக்கணக்கானோர் திரண்டு பார்க்க, இருவரும் தூக்கிலிடப்பட்டனர். மெல்போர்னில் அரங்கேறிய முதல் மரண தண்டனை அது.

இந்த இரண்டு வழக்குகளிலும் பாரி எழுப்பிய கேள்விகள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு; அந்த அதிகாரத்தைக் கையில் எடுப்பவர்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் நிலையை உணரக்கூடியவர்களா. இவற்றை அவர் கூலிக்காகக் கேட்கவில்லை. பூர்வகுடிகளுக்காக வாதாடுவதில் வருமானம் ஏதும் பெரிதாக இல்லை.

1843இல் வில்லிஸைக் கவர்னர் கிப்ஸ் பதவியிலிருந்து நீக்கினார். சக அதிகாரிகளோடும் பத்திரிகைகளோடும் வழக்கறிஞர்களோடும் ஓயாமல் சண்டையிட்டவர் அவர். குடியேற்றங்களின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரைவி கவுன்சில் 1846இல், அவர் பக்க நியாயத்தைக் கேளாமல் நீக்கியது தவறு என்று மட்டும் சொன்னது. லண்டனின் நீதிபதியை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் நீக்க முடியும்; குடியேற்ற நீதிபதியோ கவர்னரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். மெல்போர்னின் இளம் வழக்கறிஞர்கள் அனைவரும் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். அமைதியும் மரியாதையும் ஒழுங்கும் உடைய நீதிமன்றமே நிலைக்கும் என்ற பாடத்தைப் பாரி இங்கே கற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னாளில் அவருடைய நீதிமன்றம் அந்த மூன்றுக்கும் பெயர் பெற்றிருந்தது.

நீதிபதி ஆசனம்

1851 ஜூலையில் விக்டோரியா தனிக் குடியேற்றமாயிற்று. பாரி அதன் சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசின் சட்ட அதிகாரி, ஆனார். அதே ஆண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 77,000 அளவில் இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 5,38,000ஐத் தாண்டியது. உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்திறங்கிய இந்தக் கூட்டத்துக்குச் சட்டம் சொல்ல, 1852 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அமைக்கப்பட்டது. வில்லியம் ஆ பெக்கெட் தலைமை நீதிபதி. பாரி அவருக்கு அடுத்தவர். இறக்கும் வரை இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ஆசனத்திலேயே இருந்தார். மண் பாதைகளில் குதிரைவண்டி ஏறி ஊர் ஊராகச் சென்று வழக்குகளை விசாரிப்பதும் அவர் பணியில் சேர்ந்தது.

கடுமையான தண்டனைகளுக்கு அவர் விரைவிலேயே அறியப்பட்டார். கேப்டன் மெல்வில் என்ற பெயரில் திரிந்த வழிப்பறிக்காரருக்கு 1853இல் கீலாங்கில் மூன்று குற்றங்களுக்காகத் தனித்தனியே தண்டனை விதித்து, மொத்தம் 32 ஆண்டுச் சிறையாக்கினார். தங்க வயல்களுக்குச் செல்லும் சாலைகளில் கொள்ளை மலிந்திருந்த காலம் அது. ஊரார் அந்தக் கடுமையை வரவேற்றனர்.

1854 டிசம்பர் 3 விடியற்காலையில், பல்லாரட் தங்க வயலில் சுரங்க உரிமக் கட்டணத்தை எதிர்த்து யுரேகா அரண் அமைத்துத் திரண்டிருந்த தொழிலாளர்களைப் படையினர் தாக்கினர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பதின்மூன்று பேர்மீது அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1855 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மெல்போர்னில் விசாரணை நடந்தது. முதலில் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பரான ஜான் ஜோசப் தலைமை நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். ஜூரி அவரை விடுவித்தது. அத்தீர்ப்பைக் கேட்டு நீதிமன்றத்தில் ஆரவாரம் செய்ததற்காக இருவர் சிறை சென்றனர். இத்தாலியரான ரஃபாயெல்லோ கார்போனியின் வழக்கு மார்ச் 21 அன்று பாரியின் முன் வந்தது. அரசுத் தரப்பில் நின்றவர் அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஸ்டாவெல். அவரும் கார்க் மாவட்டத்துக்காரர், டிரினிட்டி கல்லூரியில் பயின்றவர். சாட்சியங்கள் வலுவாகவே இருந்தன. ஆயுதம் ஏந்தினார்கள், அரண் கட்டினார்கள், வேறு கொடி ஏற்றினார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும் பதின்மூன்று பேரையும் ஜூரிகள் ஒருவர் பின் ஒருவராக விடுவித்தன.

பாரியின் பணிவாழ்வில் இந்த வாரங்கள் மிக முக்கியமானவை என்று நான் கருதுகிறேன். அரசு கேட்டது ஒன்று, நகரத்துக் குடிமக்கள் பன்னிருவர் சொன்னது வேறொன்று. நீதிபதி அதை ஏற்றுக் கைதியை வெளியே அனுப்பினார். சட்டத்தின் சொல் கைதிக்கு எதிராக இருந்தபோதும், அவர் செயலின் உள்ளத்தை எடைபோடும் உரிமை ஜூரிக்கு இருந்தது. ஜூரி முறையின் முழு ஆற்றலையும் பாரி தம் ஆசனத்திலிருந்தே கண்டார்.

1857இல் ஆ பெக்கெட் ஓய்வு பெற்றபோது தலைமை நீதிபதிப் பதவி தமக்கே என்று பாரி எண்ணியிருந்தார். ஊரும் அப்படியே எண்ணியது. அது அரசியல் வழியாக ஸ்டாவெலுக்குப் போயிற்று. அந்த ஏமாற்றத்தை அவர் வெளிக்காட்டாமல் வாழ்ந்தார். 1860இல் சர் பட்டம் வந்தது. தலைமைப் பதவி கடைசி வரை வரவில்லை.

நூலகத்தின் கதவு

பாரியின் உள்ளம் எங்கே இருந்தது என்று கேட்டால், ஸ்வான்ஸ்டன் தெருவில் என்று சொல்ல வேண்டும். நூலகம் என்று ஒன்று ஊரில் வருவதற்கு முன்பே, தம் சொந்தப் புத்தகங்களைத் தம் வீட்டில் வைத்து, வந்தவர்களுக்குப் படிக்கக் கொடுத்தவர் அவர். 1853இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தை நிறுவும் சட்டம் வந்ததும் அதன் முதல் வேந்தரானார். 1855 ஏப்ரலில் வகுப்புகள் தொடங்கியபோது மாணவர் பதினாறே பேர்; இருபத்தேழு ஆண்டுகள், இறக்கும் நாள் வரை, அவரே வேந்தர். பல்கலைக்கழகத்துக்கும் பொது நூலகத்துக்கும் ஒரே நாளில், 1854 ஜூலை 3 அன்று, கவர்னர் ஹோதம் அடிக்கல் நாட்டினார்.

நூலகம் 1856 பிப்ரவரி 11 அன்று 3,846 நூல்களுடன் திறக்கப்பட்டது. எந்தெந்த நூல்களை லண்டனிலிருந்து தருவிக்க வேண்டும் என்ற பட்டியலைப் பாரியே தயாரித்தார். அக்காலத்தில் பெரிய நூலகங்களில் நுழையப் பெரியவர் ஒருவரின் அறிமுகக் கடிதமோ சந்தாவோ வேண்டும். மெல்போர்னில் இரண்டும் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். பதினான்கு வயது நிரம்பிய யாரும் வரலாம். மேலங்கி இல்லாதவரும் வரலாம். கை சுத்தமாக இருந்தால் போதும். பகல் முழுதும் உழைப்பவர்கள் மாலையில் வரக்கூடும் என்பதால் இரவு பத்து மணி வரை கதவு திறந்திருந்தது. தங்க வயலிலிருந்து திரும்பிய மண் படிந்த மனிதர் ஒருவர், யாருடைய தயவும் இன்றி, லண்டன் அறிஞர் படிக்கும் அதே நூலை எடுத்துப் படிக்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு இணையான ஏற்பாடுகள் உலகில் மிகக் குறைவு. நூலகங்களின் நிழலில் வளர்ந்த யாரும் இந்த ஒரு செயலுக்காக அவரை வணங்கலாம்; நானும் வணங்குகிறேன்.

ஆனால் இந்தத் தாராளத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். எந்த நூல் மக்களுக்கு நல்லது என்பதை அவரே தேர்ந்தார். அலமாரிகளின் ஒழுங்கை அவரே வகுத்தார். அதன்பின் கதவை எல்லோருக்கும் திறந்தார். நல்லது எது என்பது தமக்குத் தெரியும் என்ற உறுதியும், அதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்ற அன்பும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. நூலகத்தில் அந்த உறுதி நன்மையாகவே முடிந்தது. குற்ற நீதிமன்றத்தில் அதே உறுதி ஓர் ஆபத்து.

கெல்லி குடும்பம்

கெல்லி குடும்பத்தைப் பாரி மூன்று முறை சந்தித்தார். 1868இல் பீச்வொர்த்தில், உறவினர் குடியிருந்த வீட்டுக்குத் தீ வைத்த ஜேம்ஸ் கெல்லிக்கு, அதாவது நெட்டின் சித்தப்பாவுக்கு, மரண தண்டனை விதித்தார். அது பின்னர் சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1878 அக்டோபரில், அதே ஊரில், நெட்டின் தாய் எல்லன் கெல்லி அவர் முன் நிறுத்தப்பட்டார். அந்த ஏப்ரலில் வீட்டுக்கு வந்த காவலர் ஃபிட்ஸ்பாட்ரிக்கைக் கொல்ல முயன்றதற்கு உடந்தை என்பது குற்றச்சாட்டு. கைக்குழந்தை வைத்திருந்த அந்தத் தாய்க்கு மூன்று ஆண்டுக் கடுங்காவல். வழக்கின் அடித்தளம் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் சொல். அவரே 1880 ஏப்ரலில் காவல் துறையிலிருந்து நீக்கப்பட்டார். எல்லன் சிறையிலேயே இருந்தார்.

தாய்க்குத் தண்டனை கிடைத்த அதே மாதத்தில், 1878 அக்டோபர் 26 அன்று, நெட்டையும் அவர் தம்பி டேனையும் தேடி மாற்றுடையில் காட்டுக்குள் முகாமிட்டிருந்த நான்கு காவலர்களை, ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே கெல்லி குழுவினர் எதிர்கொண்டனர். லோனிகன், ஸ்கான்லன், கென்னடி ஆகிய மூவர் சுடப்பட்டு இறந்தனர், மெக்கின்டயர் தப்பினார். பின்னர் இரண்டு வங்கிக் கொள்ளைகள், 8,000 பவுண்டு பரிசு அறிவிப்பு, 1880 ஜூன் 28 அன்று கிளென்ரோவனில் இரும்புக் கவசம் அணிந்து நடந்த இறுதி மோதல். அங்கே உயிரோடு பிடிபட்டவர் நெட் மட்டுமே.

லோனிகனைக் கொன்ற குற்றத்துக்காக விசாரணை அக்டோபர் 18 அன்று தொடங்கவிருந்தது. பணம் திரட்ட வழியில்லாத கைதித் தரப்பு வாய்தா கேட்டது. 28 வரை தள்ளப்பட்டது. பெயர் பெற்ற பாரிஸ்டர் ஒருவரை அமர்த்த முடியாமல், அந்த ஆண்டில்தான் வழக்கறிஞர் அவையில் சேர்ந்திருந்த ஹென்றி பின்டன் வாதாட வந்தார். எதிரே அரசுத் தரப்பில் அனுபவம் மிக்க சார்ல்ஸ் ஸ்மித்தும் ஆர்தர் சொம்லியும். மேலும் அவகாசம் கேட்டபோது பாரி இணங்கவில்லை. கொலைக் குற்றச்சாட்டு ஒன்று, இரண்டே நாளில் முடிந்தது.

வழக்கின் உயிர் ஒரே இடத்தில் இருந்தது. லோனிகன் எப்படிச் சுடப்பட்டார் என்பதை நேரில் கண்டு சொன்ன சாட்சி மெக்கின்டயர் ஒருவர்தான். கெல்லியோ, ஒளிந்து நின்று தன்னைச் சுடப் பார்த்தவரைத் தற்காப்புக்காகச் சுட்டதாகவே சொல்லி வந்தார். தன்னைக் கைது செய்ய வந்தார்களா, கண்டதும் சுட வந்தார்களா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவர் தாமே சாட்சி சொல்ல அன்றைய விக்டோரியச் சட்டம் இடம் தரவில்லை. கெல்லி வாய் திறக்க முடியவில்லை. தம் பக்கக் கதையைத் தோழர் ஜோ பர்னைக் கொண்டு 56 பக்கங்களில் எழுதுவித்து, 1879 பிப்ரவரியில் ஜெரில்டெரியில் அச்சிடச் சொல்லிக் கொடுத்த கடிதமும் ஜூரியின் முன் படிக்கப்படவில்லை. மறுபுறம், ஸ்ட்ரிங்கிபார்க்குக்குப் பின் நடந்த கொள்ளைகளின்போது கெல்லி பேசியவை சாட்சியமாக அனுமதிக்கப்பட்டன. பின்டன் ஆட்சேபித்தார், இந்தச் சட்டப் பிரச்சினையையாவது உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பலர் சேர்ந்து அமரும் முழு அமர்வின் முடிவுக்கு விட வேண்டும் என்று கேட்டார். பாரி மறுத்தார்.

பிறகு ஜூரிக்கு அவர் வழங்கிய அறிவுரை. இறந்தவர்கள் கடமையாற்றச் சென்ற காவலர்கள். மாற்றுடையில் இருந்தார்கள் என்பது பொருட்டல்ல. சட்டத்தின் பணியாளர்களாக அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று அவர் விளக்கினார். இதிலிருந்து ஜூரிக்கு எஞ்சிய வழி ஒன்றே: சுட்டவர் கெல்லியானால் அது கொலை. அந்தக் காவலர்கள் அந்தக் காட்டில் எந்த விதத்தில் நடந்துகொண்டார்கள், கெல்லி உண்மையிலேயே தம் உயிருக்கு அஞ்சினாரா, அப்படியானால் இது தற்காப்பா அல்லது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமா என்ற கேள்விகளைச் சீர்தூக்கும் வாய்ப்பு பன்னிருவருக்கும் தரப்படவில்லை. அவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள்.

மோனாஷ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் லூயிஸ் வாலர் 1960களில் இந்த அறிவுரை சட்டப்படி பிழையானது என்று விரிவாக எடுத்துக்காட்டினார். பாரி அமர்ந்த அதே உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகப் பின்னாளில் உயர்ந்த ஜான் பிலிப்ஸும் 1987இல் அவ்விசாரணையை ஆராய்ந்து, அது நியாயமாக நடைபெறவில்லை என்ற முடிவுக்கே வந்தார். சரியான அறிவுரை தரப்பட்டிருந்தாலும் கெல்லி தூக்கிலிருந்து தப்பியிருப்பார் என்று இதனால் சொல்லிவிட முடியாது. மூன்று காவலர்கள் இறந்திருந்தார்கள், அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள், மெக்கின்டயரின் சாட்சியமும் வலுவானது. ஜூரி அதே தீர்ப்பைச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

பாரி கெல்லியைத் தூக்கிலேற்றத் துடித்தார் என்ற பரவலான கருத்தை நான் ஏற்கவில்லை. அவர் பதிவுகளில் வெறுப்பைவிட உறுதியே அதிகம் தெரிகிறது. காவல் துறை என்பது சட்டத்தின் கை. அதன் கடமையை ஐயுறுவது சட்டத்தையே ஐயுறுவது என்ற எண்ணம், முப்பது ஆண்டுகளாக ஒரு குடியேற்றத்தை ஒழுங்குபடுத்திய மனிதரிடம் இறுகிப் போயிருந்தது. 1841இல் வெளியிலிருந்து வந்த இளைஞராக, சட்டத்தின் அதிகாரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று அவரால் கேட்க முடிந்தது. 1880இல் அந்த அதிகாரத்தின் உருவமே அவர்தான். எல்லன் கெல்லியின் வழக்கைத் தாமே விசாரித்திருந்த நிலையில், அதன் தொடர்ச்சியான இவ்வழக்கை வேறொரு நீதிபதியிடம் விட்டிருக்கலாம் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

தண்டனை விதிக்கும் முன் கைதிக்கும் நீதிபதிக்கும் இடையே நடந்த உரையாடலை அன்றைய செய்தித்தாள்கள் வரிக்கு வரி பதித்தன. ஆங்கில நீதிமன்றங்களில் இதுபோன்ற ஒன்று அரிது. கெல்லி, தன் வழக்கைத் தானே நடத்தியிருக்கலாம் என்றும், சாட்சிகளைத் தானே விசாரித்திருந்தால் விஷயம் வேறு விதமாகத் தெரிந்திருக்கும் என்றும் அமைதியாகச் சொன்னார். இதைவிடப் பெரிய நீதிமன்றத்தில், யார் சரி, யார் தவறு என்று தெரியும் நாள் ஒன்று வரும் என்றார். பாரி பொறுமையாகப் பதில் சொன்னார், இடையிடையே வாதமும் செய்தார். இறுதியில், “ஆண்டவர் உன் ஆன்மாவுக்கு இரங்குவாராக” என்ற வழக்கமான சொற்களை அவர் சொல்லி முடித்ததும், கெல்லி அதற்கு ஒருபடி மேலே சென்று, “நான் போகும் இடத்தில் உங்களைப் பார்ப்பேன்” என்றார்.

மேல்முறையீடு இல்லை. குற்ற வழக்கில் விசாரணை நீதிபதி தாமே விரும்பி ஒரு சட்டப் பிரச்சினையை ஒதுக்கி வைத்தால்தான் மற்ற நீதிபதிகள் அதைப் பார்க்க முடியும் என்பதே அன்றைய நிலை. பாரி அந்தக் கதவை விசாரணையின்போதே மூடியிருந்தார். குற்ற மேல்முறையீட்டுக்கு விக்டோரியாவில் சட்டம் வர 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட கருணை மனுவை நிர்வாக அவை நிராகரித்தது. 1880 நவம்பர் 11 காலை பத்து மணிக்கு, நீதிமன்றத்தை ஒட்டியிருந்த மெல்போர்ன் சிறையில் நெட் கெல்லி தூக்கிலிடப்பட்டார். அதே மதிலுக்குள் அவர் தாய் தண்டனைக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். 1842இல் பாரி காப்பாற்ற முயன்ற இருவரும் உயிர்விட்ட இடம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.

பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 23 அன்று, பாரி இறந்தார். கழுத்தில் கிளம்பிய ராஜபிளவையும் நுரையீரல் நோயும் அவரை வீழ்த்தின. கெல்லியின் சொல் பலித்தது என்று ஊர் பேசிக்கொண்டது. நெடுநாளாக உடல் தளர்ந்திருந்த நீரிழிவு நோயாளி அவர். லூயிசாவும் பின்னர் அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கட்டிய நூலகத்தின் முன்றிலில் 1887இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்; நீதிபதி உடையில், உயர்ந்த பீடத்தின்மேல், தெருவைப் பார்த்து நிற்கிறார். கட்டடத்துக்குள், யாரும் கட்டணமின்றிக் காணும்படி, நெட் கெல்லியின் இரும்புக் கவசம் வைக்கப்பட்டிருக்கிறது. ஜூரியின் முன் படிக்கப்படாத ஜெரில்டெரிக் கடிதம் 2000ஆம் ஆண்டில் நன்கொடையாக அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதை யார் வேண்டுமானாலும் முழுதாகப் படிக்கலாம்.